காட்டு மான்களில் ஆண், பெண் குட்டிகள் ஏன் சரிபாதியாகப் பிறப்பதில்லை?

ஸ்காட்லாந்தின் ரம் தீவுச் செம்மான்கள் இதற்கு நல்ல உதாரணம். அங்கே ஒவ்வொரு மானையும் அடையாளம் வைத்துப் பல பத்தாண்டுகளாகக் கவனித்து வருகிறார்கள். மற்றவற்றை விரட்டிவிட்டு நல்ல புல்லை மேயும் தாய்மான்கள் ஆண் குட்டிகளை அதிகம் ஈன்றன. காரணம் இருக்கிறது. நன்றாகத் தின்று வளர்ந்த ஆண்மான்தான் போட்டியில் ஜெயித்துப் பல பெண்மான்களோடு சேரும். நோஞ்சானுக்கு ஒன்றும் கிடைக்காது. பெண் குட்டி சுமாராக இருந்தாலும் பெரும்பாலும் குட்டி போட்டுவிடும். டிரைவர்ஸ், வில்லார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1973இல் சொன்ன கருத்து இது.

சரி, எப்போதும் இப்படியா? இல்லை. மான்கள் பெருகி மேய்ச்சல் சுருங்கியதும் இந்த வித்தியாசம் மறைந்தது. மழை கொட்டிய குளிர்காலத்துக்குப் பிறகும் ஆண் குட்டிகள் குறைந்தன. ஆண் கரு வேகமாக வளரும், தீனியும் கூடுதலாகக் கேட்கும். வயிறு காயும்போது முதலில் கலைவது அதுவாக இருக்கலாம். குட்டி ஆணா பெண்ணா என்று தாய் ‘தேர்ந்தெடுக்கிறது’ என்பதைவிட இந்த விளக்கம்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.