நேர்கோடு வரைய பிரசன்ஹாம் அல்காரிதம் எதற்கு?

எக்ஸைச் சரிவால் பெருக்கி, விடையை முழு எண்ணாக்கினாலே திரையில் கோடு வந்துவிடுகிறதே, பிறகு பிரசன்ஹாம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோடு வரும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு பிக்சலுக்கும், அதாவது திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும், ஒரு தசமக் கணக்கு போட வேண்டும். ஜாக் பிரசன்ஹாம் 1962-ல் ஐபிஎம்மில் இதை எழுதியது திரைக்காகக்கூட இல்லை, பேனாவை நகர்த்தும் பிளாட்டருக்காக. முழு எண் கூட்டல் மட்டும் போதும் என்பதுதான் இதன் அழகே.

சரிவு 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட கோட்டில், எக்ஸ் ஒரு படி நகர்ந்தால் ஒய் அப்படியே நிற்கும் அல்லது ஒன்று ஏறும். மூன்றாவது வழி கிடையாது. எது என்பதை ஒரே ஒரு எண் சொல்லிவிடும்.

(0,0)-லிருந்து (5,2) வரை போட்டுப் பாருங்கள். கிடை வேறுபாடு 5, செங்குத்து வேறுபாடு 2. தொடக்க எண் 2×2−5, அதாவது −1. எண் சுழியமோ அதற்குக் கீழோ என்றால் ஒய் நிற்கும், எண்ணோடு 2×2, அதாவது 4 கூட்டுங்கள். அதற்கு மேல் என்றால் ஒய் ஏறும், 2×(5−2), அதாவது 6 கழியுங்கள். எண் −1, 3, −3, 1, −5 என்று போகும். ஒய் 0, 0, 1, 1, 2, 2 என்று வரும். காகிதத்தில் ஒருமுறை செய்தால் மறக்கவே மறக்காது.

சரிவு 1-ஐத் தாண்டிய செங்குத்தான கோடு என்றால் எக்ஸையும் ஒய்யையும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். அப்புறம், படிக்கட்டு போலத் தெரியும் விளிம்பை இது சரிசெய்யாது. அதற்கு ஆன்டி-அலியாசிங், அதாவது விளிம்பை மென்மையாக்கிக் காட்டும் முறை வேண்டும். 1991-ல் வந்த ஷியாலின் வூவின் முறையைப் பாருங்கள்.