பிளேட் சிவந்தால் வால்வைத் திட்டாதீர்கள்

கே: பழைய ரேடியோ செட்டின் வால்வு (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) உச்சியில் இருந்த வெள்ளிப் பூச்சு பால் மாதிரி வெளுத்துவிட்டது. ஓடுமா? (அரூர்)

ஓடாது. உள்ளே காற்று புகுந்துவிட்டது. தூக்கிப் போடுங்கள்.

கே: பாட்டு ஓடும்போது உள்ளே நீல வெளிச்சம் தெரிகிறது, பயமாக இருக்கிறது. (ஓசூர்)

கண்ணாடியின் உட்புறத்தை ஒட்டி நீலம் தெரிந்தால் பயமில்லை, நல்ல வால்விலும் வரும். நடுவில் பிளேட்டைச் (எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் உலோகத் தகடு) சுற்றி ஊதாப் புகை மாதிரி நின்றால் வாயு சேர்ந்துவிட்டது, கழற்றிவிடுங்கள்.

கே: ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வு ஈ.எல். 84 இரண்டு ஜோடி மாற்றிவிட்டேன். மூன்றாவது ஜோடியும் பத்து நிமிடத்தில் பிளேட் செக்கச்செவேல் என்று ஆகிறது. போலி வால்வு விற்கிறார்களா? (பாலக்கோடு)

விற்பவரை விடுங்கள். முதல் ஜோடி ஏன் செத்தது என்று பார்க்காமல் மூன்றாவதை யார் மாட்டச் சொன்னது? எந்த செட் வந்தாலும் மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு "வால்வு வீக் சார்" என்று சொல்லும் மெக்கானிக்குகளை முப்பது வருடமாகப் பார்க்கிறேன், அவர்களில் பாதிப் பேர் மீட்டரையே எடுப்பதில்லை. ஆரம்பத்தில் நானும் அப்படி நாலு வால்வைக் காவு கொடுத்தவன்தான். பத்துக்கு எட்டு செட்டில் குற்றவாளி, முன் வால்வின் பிளேட்டிலிருந்து இதன் கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பி வலை) வரும் கப்ளிங் கண்டென்சர். பழைய மெழுகுக் காகிதக் கண்டென்சர் கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்ட் ஏறும், கரண்டை அடக்கி வைக்கும் நெகட்டிவ் பயாஸ் போய்விடும், கரண்ட் கட்டுக்கடங்காமல் ஓடும். 12 வாட் தாங்கும் பிளேட் பாவம் என்ன செய்யும்? ஈ.எல். 84-ஐக் கழற்றிவிட்டு, மற்ற வால்வுகள் சூடானதும் சாக்கெட்டின் 2-வது பின்னில் டி.சி. அளந்து பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினாலும் கண்டென்சரை மாற்றுங்கள், 630 வோல்ட் பாலியஸ்டர், முப்பது ரூபாய்க்குள் முடியும். அப்படியே கேத்தோடு (எலக்ட்ரான்களை விடும் முனை) ரெசிஸ்டரையும் அதன் குறுக்கே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரையும் பாருங்கள், அது ஷார்ட் ஆனாலும் இதே கதைதான். முப்பது ரூபாய்ச் சாமானைச் சோதிக்காமல் ஆயிரக்கணக்கில் வால்வு வாங்குகிறீர்கள்! அப்புறம், பிளக்கைப் பிடுங்கினாலும் 300 வோல்ட் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகு கை வையுங்கள்.

கே: வால்வு வேலை செய்யவில்லை, என்ன செய்ய? (காவேரிப்பட்டணம்)

கடிதம் இவ்வளவுதான். என்ன நம்பர், ஹீட்டர் (வால்வைச் சூடேற்றும் இழை) எரிகிறதா, சத்தம் வருகிறதா, ஒன்றும் இல்லை. டாக்டருக்குப் போன் போட்டு "உடம்பு சரியில்லை" என்று சொல்லி வைத்துவிடுவீர்களா? வோல்டேஜ்களை அளந்து திரும்ப எழுதுங்கள்.

கே: ராத்திரியில் ஹீட்டர்கள் பளிச்சென்று எரிகின்றன. ஆறு மாதத்தில் இரண்டு போய்விட்டன. (பென்னாகரம்)

மோட்டார்கள் நின்றதும் உங்கள் பக்கம் லைன் 250 வோல்ட்டைத் தாண்டும். டிரான்ஸ்ஃபார்மர் 220 டேப்பில் (லைன் வோல்டேஜுக்கு ஏற்ப மாற்றும் இணைப்பு) இருந்தால் 240-க்கு மாற்றுங்கள். 6.3 வர வேண்டிய ஹீட்டரில் 7 வந்தால் ஆயுள் அவ்வளவுதான். டேப் இல்லையென்றால் ஸ்டெபிலைசர் போடுங்கள்.

கே: செட்டைத் தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடிக்கிறது. (ஊத்தங்கரை)

ஈ.சி.சி. 83, முன்னால் சிக்னலைப் பெருக்கும் சின்ன வால்வு. பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள், எது அதிகம் கத்துகிறதோ அது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுச் செட்டை மட்டும் ஓட்டிப் பார்க்கும் புத்திசாலித்தனம் வேண்டாம், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

கே: நல்ல வால்வு எங்கே கிடைக்கும்? (கிருஷ்ணகிரி)

பெங்களூரு இரண்டு மணி நேரம்தானே, எஸ்.பி. ரோட்டில் விசாரியுங்கள். பி.இ.எல். (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) வால்வு செய்த காலம் போய்விட்டது, கிடைப்பது பழைய சரக்கு. புதிதாக வருபவை பெரும்பாலும் ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா. அவுட்புட் வால்வு என்றால் ஜோடியாக வாங்குங்கள். வாங்கியதை மாட்டும் முன் கண்டென்சர், ஞாபகம் இருக்கட்டும்.

கே: தூசியைத் துடைத்தேன், வால்வில் நம்பர் அழிந்துவிட்டது. எப்படிக் கண்டுபிடிப்பது? (தர்மபுரி)

ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருப்பீர்கள். செட்டின் அடியிலோ உள்மூடியிலோ வால்வுப் படம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வால்வையாவது துடைக்காமல் விடுங்கள்.