அடுத்தவர் பிள்ளை, நம் வாய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் நானும் மனைவியும் ஒரு மலைக் காட்சிமுனைக்குப் போயிருந்தோம். இடுப்பளவு கைப்பிடிச் சுவர், அதைத் தாண்டினால் செங்குத்தான பள்ளம். ஓர் இளைஞர் தன் மகளை, இரண்டு வயது இருக்கும், அந்தச் சுவரின்மேல் உட்காரவைத்து ஒரு கையால் அணைத்தபடி மறுகையால் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டு இருபது பேராவது நின்றோம். யாரும் வாய் திறக்கவில்லை. என் மனைவி மட்டும், சற்றுத் தள்ளி நின்ற குழந்தையின் தாயிடம் போய், "என்னம்மா, பெற்றவள் நீ, இதையா பார்த்துக்கொண்டு நிற்கிறாய்?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் பெண் அழுதுவிட்டாள். கணவர் பிள்ளையை இறக்கிவிட்டு வந்து, "என் பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியும், உங்கள் வேலையைப் பாருங்கள்" என்றார்.

வீடு திரும்பும்வரை எங்களுக்குள் வாக்குவாதம். ‘ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால்’ என்று அவள் பழமொழி சொல்கிறாள். பெற்றவர்களைவிட நமக்கு என்ன அக்கறை என்பது என் கட்சி. இன்று இதைக் கேட்போம். நாளை பிள்ளைக்கு ஏன் தொப்பி போடவில்லை, ஏன் தனியாக விளையாட விட்டீர்கள் என்றும் கேட்போம். எங்கே நிறுத்துவது?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

பிள்ளை கீழே இறங்கிவிட்டது. உங்கள் கடிதத்தின் தலைப்புச் செய்தியே அதுதான். நீங்களோ அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு, அந்த இளைஞர் என்ன பேசினார் என்பதிலேயே நின்றுவிட்டீர்கள். பலர் முன்னிலையில் திருத்தப்பட்ட தகப்பன் வேறு எப்படிப் பேசுவார்? நன்றியை எதிர்பார்த்துச் செய்கிற காரியமில்லை இது. அவர் கோபத்தை அவரிடமே விட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம்.

உங்கள் மனைவி வாயைத் திறந்தது சரி. யாரிடம் திறந்தார் என்பதில்தான் எனக்குச் சண்டை. அதற்குப் பிறகு வருகிறேன்.

அக்கறையில் பெற்றவர்களை யாரும் மிஞ்ச முடியாது, ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைக்கு எப்போது பசிக்கும், எதற்குப் பயப்படும், எந்த அழுகை காய்ச்சலின் அழுகை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அந்தச் சுவரைப் பற்றி அவர்களுக்குத் தனியாக எதுவும் தெரியாது. இரண்டு வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கனமானது. அதனால்தான் அந்த வயதுக் குழந்தைகள் எளிதில் தலைகுப்புற விழுகின்றன. எதையோ கண்டு பிள்ளை திடீரென்று முன்னால் தாவினால், பாதிக் கவனம் படத்தில் இருக்கும் ஒருவரின் ஒற்றைக் கை என்ன செய்யும்? காரில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறவர்களும் ‘நான் பிடித்துக்கொள்வேன்’ என்றுதான் சொல்கிறார்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிட்டால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 140 கிலோ எடையைத் தாங்கும் வலு வேண்டும். பாசத்துக்கு அந்த வலு கிடையாது.

தெரியும் என்று சொல்பவர் உண்மையிலேயே தெரிந்தவராக இருந்தாலும் இதே கதைதான். 2004 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் தொலைக்காட்சியில் விலங்குகளைக் காட்டிப் புகழ்பெற்ற ஸ்டீவ் இர்வின், ஒரு மாதமே ஆன தன் மகனை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையால் முதலைக்கு இறைச்சி ஊட்டினார். சிறுவயதிலிருந்து முதலைகளோடு பழகியவர். எல்லாம் தன் கட்டுப்பாட்டில் இருந்தது என்றே வாதிட்டார். அவருடைய தேர்ச்சியில் எனக்குச் சந்தேகமில்லை. கால் இடறுவதற்குத் தேர்ச்சி ஒரு தடையா என்பதுதான் கேள்வி. 2002 நவம்பரில் பெர்லினில் ஓட்டல் மாடிக் கம்பிக்கு வெளியே கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டிய மைக்கேல் ஜாக்சனுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளத் தேர்ச்சிகூடக் கிடையாது. பின்னர் அவரே அதைத் தவறு என்று ஒப்புக்கொண்டார். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து அது சரி என்று முடிவுகட்டுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

எங்கே நிறுத்துவது என்று கேட்டீர்கள். நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: பெற்றவர் நினைப்பது தப்பாகப் போனால், திருத்திக்கொள்ள நேரம் இருக்கிறதா? தொப்பி போடாத பிள்ளைக்கு நேரம் இருக்கிறது. தனியாக விளையாடும் பிள்ளைக்குப் பெரும்பாலும் இருக்கிறது. சுவர்மேல் இருக்கும் பிள்ளைக்கு இல்லை. வெயிலில் பூட்டிய காருக்குள் இருக்கும் பிள்ளைக்குச் சில நிமிடங்களே இருக்கின்றன. முதல் பத்து நிமிடத்திலேயே உள்ளே வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறிவிடும். ஜன்னலை விரற்கடை இறக்கிவைத்தாலும் பெரிய மாற்றம் இராது. பெரியவர்களைவிடச் சிறுபிள்ளையின் உடம்பு மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும்.

இவ்வளவு கறாராக நேரத்தைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நம் நெஞ்சின் படபடப்பை நான் நம்புவதில்லை. 2016இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சிறிது நேரம் தனியாக விடப்பட்ட குழந்தைகளின் கதைகளைச் சொல்லி, ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிடச் சொன்னார்கள். அதே குழந்தை, அதே இடம், அதே நேரம். பெற்றவர் விலகிப் போன காரணம் மட்டும் மாறும். ஒரு கதையில் விபத்தில் நினைவிழந்துவிட்டார், இன்னொன்றில் வேலைக்குப் போனார், வேறொன்றில் கள்ளக் காதலரைச் சந்திக்கப் போனார். காதலரிடம் போனவரின் பிள்ளைக்கே ஆபத்து அதிகம் என்று மக்கள் மதிப்பிட்டார்கள். நினைவிழந்தவரின் பிள்ளைக்குக் குறைவு. நியாயமாகப் பார்த்தால், திட்டமிட்டுப் போனவர் ஏதாவது ஏற்பாடாவது செய்திருப்பார். நாம் முதலில் ஆளைப் பிடிக்கவில்லை என்று முடிவுசெய்கிறோம், பிறகு பிள்ளைக்கு ஆபத்து என்கிறோம்.

இந்த மனப்போக்குக்குச் சட்டம் பதில் சொல்ல வேண்டிய நிலைகூட வந்தது. பிள்ளை பள்ளிக்குத் தனியாக நடந்துபோவதும் வெளியே தனியாக விளையாடுவதும் பெற்றவரின் அலட்சியம் ஆகாது என்று அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2018இல் சட்டமே இயற்றியது.

இப்போது உங்கள் மனைவியிடம் வருகிறேன். பிள்ளையைச் சுவர்மேல் வைத்தது தகப்பன். பிடித்திருந்ததும் அவர். ஏச்சு வாங்கியது தள்ளி நின்ற தாய். இதை உங்கள் மனைவி யோசித்துச் செய்திருக்க மாட்டார் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்நியர்களின் அறிவுரை எந்த ஊரிலும் தாயைத்தான் முதலில் தேடிப் போகும். ஏழையைப் பிடிக்கும், பெரிய காரில் வந்தவரை விட்டுவிடும். தட்டிக் கேட்பதற்குத் துணிச்சல் வேண்டும் என்கிறார்கள். திருப்பி அடிக்க மாட்டார் என்று தெரிந்தவரிடம் கேட்பதற்கு என்ன துணிச்சல்?

உங்களையும் விடுவதாக இல்லை. இருபது பேர் பேசாமல் நின்றதற்குப் பெற்றோரின் உரிமையைக் காரணம் காட்டுகிறீர்கள். 1968இல் உளவியலாளர்கள் ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் வெளியிட்ட சோதனையில், பக்கத்து அறையில் ஒருவர் வலிப்பில் திணறுவது ஹெட்ஃபோனில் கேட்கும். தான் ஒருவனே கேட்கிறேன் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் வலிப்பு அடங்குவதற்குள் உதவி கேட்டு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். அங்கே யாருடைய உரிமையும் குறுக்கே நிற்கவில்லை. நீங்கள் மட்டும் தனியாக அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தால், பேசியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

எப்படிப் பேசுவது? கத்தக் கூடாது. விளிம்பில் பிள்ளையோடு இருப்பவர் திடுக்கிட்டால் பிடி தளரும். பிள்ளையைப் பிடித்திருப்பவரின் கண்ணில் படும்படி அருகே போய், "நான் எடுத்துத் தருகிறேன், பிள்ளையை இறக்கி இரண்டு கையாலும் தூக்கிக்கொள்ளுங்கள்" என்றால் போதும். அவருக்கு வேண்டியது படம், அது கிடைத்துவிடுகிறது. பிள்ளை சறுக்கினாலொழிய நீங்கள் தொட வேண்டாம். பூட்டிய கார் என்றால் ஒருவர் அவசர உதவிக்கு அழைக்கட்டும், இன்னொருவர் ஓட்டிவந்தவரைத் தேடட்டும். பிள்ளை துவண்டு கிடந்தால், பிள்ளை இருக்கும் பக்கத்தை விட்டு வேறு பக்கக் கண்ணாடியை உடையுங்கள்.

பொது இடத்தில் பிள்ளையை அடிப்பவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அது வேறு கணக்கு. அங்கே ஆபத்தே பெற்றவர்தான். நம் முன்னால் அவமானப்பட்டவர் அதையும் சேர்த்து வீட்டில் பிள்ளைமேல் இறக்கக்கூடும். அங்கே படம் எடுத்துத் தருகிற சமாதானம் எடுபடாது. காவல்துறைக்கோ குழந்தைகள் உதவி எண்ணுக்கோ சொல்ல வேண்டியிருக்கும். அதைத் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்