பச்சை நீலக் கல்லை நிறுத்துப் பாருங்கள்

வாசகர் கேள்விகளுக்குத் திருகோணமலையில் இரசாயனம் படிப்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: கனடாவிலிருந்து வந்த மாமி எனக்கு ஒரு பச்சை நீலக் கல் தந்தார். ஸ்மித்சோனைட், அதாவது துத்தநாகக் கல், என்று சொல்லி விற்றார்களாம். இங்கே ஒரு நகைக்கடையில் டர்க்காய்ஸ் என்கிறார்கள், இன்னொன்றில் ஜேட் என்கிறார்கள். எதை நம்புவது? மோதிரத்தில் பதிக்கலாமா?
வாசகி, உப்புவெளி

பதில்: நிறத்தை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள். ஸ்மித்சோனைட் என்பது நாகக் காபனேற்று; நாகம் என்றால் துத்தநாகம்தான். தூயதாக இருந்தால் வெள்ளை அல்லது நிறமற்றது. கொஞ்சம் செப்பு கலந்தால் பச்சை நீலம், கோபாற்று கலந்தால் இளஞ்சிவப்பு, கட்மியம் சேர்ந்தால் மஞ்சள். நமீபியாவின் சுமெப் சுரங்கத்திலும் நியூ மெக்சிகோவின் கெல்லி சுரங்கத்திலும் கிடைத்த கற்களைப் படத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே கனியம் என்று நம்ப மனம் வராது.

எடையைப் பாருங்கள். அந்த நகைக்கடைக்கே திரும்பப் போய், பொன் நிறுக்கும் தராசைக் கொஞ்ச நேரம் கேளுங்கள். முதலில் கல்லை மட்டும் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சிறிய கிண்ணத்தில் தண்ணீர் வைத்துத் தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுதாகத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம், கல் ஒதுக்கிய தண்ணீரின் நிறை. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் சாரடர்த்தி, அதாவது கல் தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பது. 22 கிராம் கல்லுக்குத் தண்ணீரில் 5 என்று காட்டினால் 4.4, அப்படியென்றால் மாமி ஏமாறவில்லை. அதே எடையுள்ள டர்க்காய்ஸ் 8 கிட்டக் காட்டும், ஜேட் ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் நிற்கும். கல்லை நூலோடு தூக்கும்போதே அந்தக் கனம் விரலுக்குத் தெரியும்.

3.4, 3.5 என்று வந்தால் அது ஹெமிமோர்பைட்டாக இருக்கலாம். அதுவும் நாகக் கனியம்தான், ஆனால் சிலிக்கேற்று. இந்த இரண்டையும் நெடுங்காலம் கலமைன் என்ற ஒரே பெயரில் போட்டுக் குழப்பினார்கள். ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற ஆங்கிலேய இரசாயனர் 1802இல் அவற்றைப் பகுத்துப் பார்த்து, கலமைன் ஒரே பொருள் அல்ல என்று காட்டினார். 1832இல் பூடான் என்ற பிரெஞ்சுக் கனியவியலாளர் காபனேற்றுக்கு ஸ்மித்சனின் பெயரை வைத்தார். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனமும் இதே மனிதர் விட்டுச்சென்ற சொத்தில் உருவானதுதான். அந்தப் பணத்தைவிட, ஒரு கட்டிக் கல்லை இரண்டு பொருளாகப் பிரித்துக் காட்டிய அந்த வேலைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மோதிரம் வேண்டாம். பத்து வரை போகும் மோஸ் கடின அளவில் இது 4இலிருந்து 4.5 வரைதான். கடற்கரை மணலில் இருக்கும் குவார்ட்சு 7. நிலாவெளிப் பக்கம் ஒருமுறை மணலில் கை அளைந்தாலே கீறல் விழும். பதக்கமாகச் செய்து போடுங்கள். வெள்ளியைத் துலக்குகிற பழக்கத்தில் புளி, தேசிக்காய் மட்டும் போட்டுவிடாதீர்கள். காபனேற்று என்பதால் அமிலம் மினுக்கத்தைத் தின்றுவிடும்.

கேள்வி: சேர், நாகக் காபனேற்றை ஏன் கல்சைட்டுக் குழுவில் சேர்க்கிறார்கள்? அதில் கல்சியமே இல்லையே?
உயர்தர மாணவன், மூதூர்

பதில்: நல்ல கேள்வி தம்பி. குழு என்பது உலோகத்தைப் பார்த்து அல்ல, அடுக்கைப் பார்த்து. தட்டையான முக்கோணக் காபனேற்று அயன்கள் (மின்னேற்றமுள்ள துணிக்கைகள்) படை படையாக இருக்க, நடுவே உலோக அயன்கள் உட்காரும். அந்த இடத்தில் கல்சியம் இருந்தால் கல்சைட்டு, மகனீசியம் இருந்தால் மக்னசைட்டு, இரும்பு இருந்தால் சிடரைட்டு, மங்கனீசு இருந்தால் ரோடோகுரோசைட்டு, நாகம் இருந்தால் ஸ்மித்சோனைட். எல்லாம் சாய்சதுர முகங்களாகத்தான் பிளக்கும்.

அயன் பெரிதானால் இந்த அடுக்குக்குள் அடங்காது. துரந்தியம், பேரியம், ஈயம் மூன்றும் அரகொனைட்டு அடுக்குக்குப் போய்விடும். கல்சியம் எல்லையில் நிற்பதால் இரண்டு விதமாகவும் அடுக்கும். புறாத்தீவுப் பவளம் அரகொனைட்டு. சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கல்சைட்டு. நாக அயன் கல்சிய அயனைவிடச் சிறியது, அணு நிறையோ கூட, 40க்கு 65. அதனால்தான் கல்சைட்டின் சாரடர்த்தி 2.7ஆக இருக்க, இதற்கு 4.4.

கேள்வி: கூரை போட வாங்கிவைத்த புதுத் தகரம் மாரி மழையில் நனைந்து வெள்ளையாய்ப் பூத்துவிட்டது. இதுவும் நாகக் காபனேற்றா?
வாசகர், குச்சவெளி

பதில்: கிட்டத்தட்ட. தகரத்தின் மேல் பூசியிருப்பது நாகம். ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கி அடுக்கிய தகடுகளுக்கு இடையில் தண்ணீர் நின்று காற்றுப் போகாவிட்டால், நாக ஐதரொட்சைட்டு மாவாகப் பூக்கும். காற்றுப் பட்டால் அது காபனீரொட்சைட்டை எடுத்து மூலக் காபனேற்றாக, அதாவது ஐதரொட்சைட்டும் சேர்ந்த காபனேற்றாக, மாறும். இயற்கையில் ஹைட்ரோசிங்கைட் என்ற கனியத்தின் சேர்க்கையும் அதுதான். கடலோரம் என்பதால் உங்கள் பூவில் குளோரைட்டும் கலந்திருக்கும்.

கூரையில் ஏறி வெயிலும் காற்றும் பட்ட தகட்டில் இதே மூலக் காபனேற்று மெல்லிய சாம்பல் படலமாக ஒட்டி, அடியில் உள்ள நாகத்தைக் காக்கும். ஆகவே கம்பித் தூரிகையால் சுரண்டாதீர்கள். நைலோன் தூரிகையால் மாவை மட்டும் தட்டிவிட்டு, தகடுகளைப் பிரித்து, இடையில் சலாகை கொடுத்து, மழை படாத இடத்தில் சாய்வாக நிறுத்திக் காயவிடுங்கள். செந்துரு எங்கும் தெரியாவிட்டால் தாராளமாகக் கூரைக்கு ஏற்றலாம்.