மேஜைப் போர்க்களம்: 21 அடி ஈட்டிக்கு என்ன விலை?

கேள்வி: ஐயா, நானும் என் தம்பியும் 15 மி.மீ. போர்வீரர் பொம்மைகளை வைத்து மேஜையில் போர் விளையாட்டு ஆட நாங்களே விதிகள் எழுதிக்கொண்டிருக்கிறோம். மாசிடோனிய ஈட்டிப் படைக்குத் தாக்குதல் எண் 6 கொடுத்தால் யாராலும் அசைக்க முடியவில்லை. 4 ஆக்கினால் ரோமானியர்கள் ஊதித் தள்ளுகிறார்கள். சரியான எண் எது?
– வாசகர், திருச்சி

பதில்: 6 இருக்கட்டும், கை வைக்காதீர்கள். நேருக்கு நேர் மோதினால் அந்தப் படையை அசைக்க முடியாது என்பதுதான் வரலாறு. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார். சரீசா என்ற அந்த ஈட்டி அவர் காலத்தில் 14 முழம், ஏறக்குறைய 21 அடி. 16 வரிசை ஆழத்தில் நிற்பார்கள். முதல் ஐந்து வரிசைகளின் ஈட்டி முனைகள் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். ரோமானிய வீரருக்கு வாள் சுழற்ற இடம் வேண்டும், அதனால் தள்ளித் தள்ளி நிற்பார். ஆக அவர் ஒருவருக்கு எதிரே இரண்டு பேர், பத்து ஈட்டி முனைகள்! உங்கள் மேஜையில் ரோமானியர் நேரே போய் இடித்து ஜெயித்தால், கோளாறு அங்கேதான்.

அப்படியானால் ரோம் எப்படி வென்றது? கி.மு. 197, தெசலியின் கினோஸ்கெஃபாலே குன்றுகள். மாசிடோனிய மன்னர் ஐந்தாம் ஃபிலிப்பின் வலது அணி சரிவில் இறங்கி ரோமானியர்களின் இடது அணியைத் தள்ளிக்கொண்டே போனது. அவருடைய இடது அணியோ இன்னும் அணிவகுத்து முடிக்கவில்லை. ரோமானியத் தளபதி ஃபிளாமினினஸ் யானைகளோடு வந்து அதைச் சிதறடித்தார். அந்த நேரத்தில் ஒரு ரோமானியப் படையதிகாரி 20 மேனிபிள்களை (சிறு படைப்பிரிவுகளை) பிரித்துக்கொண்டு போய், ஜெயித்துக்கொண்டிருந்த ஃபிலிப்பின் வலது அணியின் முதுகில் விழுந்தார். அவ்வளவு நீள ஈட்டியைப் பிடித்துக்கொண்டு யார் திரும்புவது? மொத்தச் சண்டையையும் முடித்துவைத்த அந்த அதிகாரியின் பெயரை பாலிபியஸ் சொல்லவில்லை. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

1990இல் வந்த டி.பி.ஏ. என்ற மேஜைப் போர் விளையாட்டு விதிகள் இதை நன்றாகவே பிடித்தன. ஒரு படைக்கு 12 பேஸ்தான் (பேஸ் என்றால் பொம்மைகளை ஒட்டி நகர்த்தும் தட்டு). காலாட்படையோடு மோதும்போது வாள் வீரருக்கு 5, ஈட்டிக்கு வெறும் 3. ஈட்டிக்குப் பின்னால் இன்னொரு ஈட்டி பேஸ் நின்றால் இன்னொரு 3 சேரும். இப்போது 6க்கு 5. ஆளுக்கொரு பகடை உருட்டிக் கூட்டினால், 36 சாத்தியங்களில் ஈட்டிக்கு 21 வெற்றி, 10 தோல்வி, 5 சமன். ஆனால் எதிரியை அழிக்க அவன் மொத்தத்தைப்போல் இரு மடங்கு வேண்டும். ஈட்டிக்கு 6 விழுந்து வாளுக்கு 1 விழுந்தால்தான் அது நடக்கும், 36இல் ஒன்று. மற்ற வெற்றியெல்லாம் பின்னே தள்ளுவதோடு சரி. அதற்காக இரண்டு பேஸைக் கொடுத்து ஒரு பேஸ் அகலத்தை வாங்கியிருக்கிறீர்கள். பன்னிரண்டையும் இப்படி அடுக்கினால் உங்கள் வரிசை ஆறாகச் சுருங்கிவிடும். மிச்சமிருக்கும் ரோமானியர்கள் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு வருவார்கள்.

அதனால் 6ஐ வைத்துக்கொண்டு, அதில் 3 ஆழத்தால் வருகிறது என்று எழுதுங்கள். பக்கத்திலோ முதுகிலோ அடி விழுந்தால் அந்த 3 போயிற்று. கல்லும் பள்ளமுமான இடத்தில் கால் வைத்தாலும் போயிற்று. அங்கே ரோமானியர்களுக்கு 1 மட்டும் குறையுங்கள். திசை திரும்ப ஈட்டிக்கு ஒரு முழு நகர்வு ஆகட்டும். படையைத் தேர்ந்தெடுக்கக் கொடுக்கும் பாயிண்ட் விலையை ஏற்றினால் போதாதா என்று கேட்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஒரே பேஸ் சமவெளியில் சிங்கம், குன்றில் சுமை. இரண்டுக்கும் ஒரே விலையா? அதுசரி, நீங்கள் பச்சைத் துணியை மட்டும் விரித்துக்கொண்டு ஆடுகிறீர்களோ என்று ஒரு சந்தேகம். குன்று இரண்டு, பாறைக்காடு ஒன்று வைத்துப் பாருங்கள்.

கேள்வி: எறியீட்டி வீசும் பெல்டாஸ்ட்களை எங்கள் குழுவில் யாரும் எடுப்பதேயில்லை. தாக்குதல் எண்ணை உயர்த்தலாமா?
– வாசகி, சேலம்

பதில்: கூடாது அம்மா. உயர்த்தினால் அது மலிவு விலை ஹாப்லைட் (கனத்த கேடயம் ஏந்திய கிரேக்க ஈட்டி வீரர்) ஆகிவிடும். கி.மு. 390இல் கொரிந்தின் துறைமுகமான லெகேயம் அருகே ஏதென்ஸ் தளபதி இஃபிக்ரடீஸின் பெல்டாஸ்ட்கள் சுமார் 600 ஸ்பார்ட்டா ஹாப்லைட்களை நாசம் செய்தார்கள். ஏறக்குறைய 250 பேர் மாண்டதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஸெனஃபன் எழுதுகிறார். கைகலப்பால் அல்ல. கேடயத்தோடு இளைய ஸ்பார்ட்டர்கள் துரத்துவார்கள், பெல்டாஸ்ட்கள் பிடிபடமாட்டார்கள். களைத்துத் திரும்பும்போது முதுகில் எறியீட்டி. ஸ்பார்ட்டர்களின் உதவிக்கு வந்த குதிரைப்படையும் தனியே விரட்டாமல் ஹாப்லைட்களை ஒட்டியே ஓடியது.

எண் 2 போதும். கனத்த படை பாய்ந்தால் ஒருமுறை வீசிவிட்டு விலகும் உரிமை கொடுங்கள். துரத்திப் போன பேஸ், வரிசைக்குத் திரும்பும்வரை 1 இழக்கட்டும். குதிரை வந்தால் மட்டும் விலக முடியாது. பின்னால் ஆறோ சுவரோ இருந்தாலும் அப்படியே.

கேள்வி: பொம்மைகள் விலை அதிகம். வேறு வழி?
– வாசகர், மதுரை

பதில்: அட்டை. 40 மி.மீ. அகலத்தில் வெட்டிப் படையின் பெயரை எழுதுங்கள். வண்ணம் பூசிய பொம்மைக்குத்தான் பகடை நன்றாக விழும் என்று என் சனிக்கிழமைக் கூட்டாளி சத்தியம் செய்வார். நம்பாதீர்கள்.