கூட்டம் இல்லாத சின்னக் கடலோரக் கிராமம் எது? மீன் சாப்பிட்டுவிட்டு மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு வரலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: மே மாதம், வெள்ளி முதல் ஞாயிறு வரை விடுமுறை, ரிசார்ட் வேண்டாம், கூட்டம் வேண்டாம், ஏதாவது ஒரு மீனவக் கிராமத்துக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை கரையிலேயே மீன் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும், எந்த ஊர்? அந்த ‘ஞாயிற்றுக்கிழமை’யைப் படித்ததும் சிரித்துவிட்டேன். கேலியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இதே திட்டத்தோடு போய் அசடு வழிந்த குடும்பம் எங்களுடையது. நீங்களும் எங்களைப் போலக் கடல் இல்லாத ஊர்க்காரர் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். கடற்கரை ஊர்க்காரராக இருந்தால் இப்படிக் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

ஊர் கேட்டால் மணப்பாடு. தூத்துக்குடி மாவட்டம், திருச்செந்தூரிலிருந்து தெற்கே குலசேகரப்பட்டினம் தாண்டி ஒரு பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மணல் குன்று, அதன் மேல் ஒரு வெள்ளைக் கிறிஸ்தவக் கோயில், கீழே படகுகள், ஒரு பக்கம் ஆறு வந்து கடலில் சேருமிடம். நான் அந்த ஊர்க்காரி இல்லை. இரண்டு நாள் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன், ஊர்க்காரர்கள் யாராவது வந்து திருத்தினால் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வேன்.

2024 ஜனவரியில் குடியரசு தினம் வெள்ளிக்கிழமை வந்ததல்லவா, அந்த மூன்று நாள் விடுமுறையில் கோவையிலிருந்து காரில் கிளம்பினோம். நான், வீட்டுக்காரர், பொண்ணு, மாமியார். அத்தைக்குத் திருச்செந்தூர் முருகன், எங்களுக்குக் கடல், இதுதான் ஒப்பந்தம். முந்தின நாள்தான் தைப்பூசம் என்பது கிளம்பிய பிறகுதான் உறைத்தது. பாதயாத்திரை வந்தவர்கள் பாதிப்பேர் இன்னும் ஊரிலேயே இருந்தார்கள், வெள்ளியும் சனியும் வரிசையிலேயே கழிந்தன. அதற்கு ஒரு மாதம் முன்னால் டிசம்பரில்தான் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியிருந்தது, வழியெல்லாம் அரித்துப்போன சாலையோரங்களைப் பார்த்துக்கொண்டேதான் போனோம். சரி, கோயிலுக்குப் போய்விட்டு மீன் சாப்பிடுவதா என்று கேட்க ஒருவர் வருவார் என்று தெரியும். தரிசனம் முடிந்து ஒரு இரவு தூங்கி எழுந்து குளித்துவிட்டுத்தான் போனோம், அத்தையே ஒன்றும் சொல்லவில்லை, உங்களுக்கு என்ன?

ஞாயிறு காலை எட்டரைக்கு மணப்பாடு. வீட்டுக்காரர் ஈரோட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், ஐஸ் பெட்டியில் வந்த மீனைத் தவிர வேறு மீன் பார்த்ததில்லை. படகு கரைக்கு வரும், துள்ளத் துள்ள வாங்குவோம், பக்கத்தில் யாரிடமாவது கொடுத்துப் பொரித்துத் தரச் சொல்வோம் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். போய்ப் பார்த்தால் ஃபைபர் படகுகள் எல்லாம் மணலில் வரிசையாக ஏறி நிற்கின்றன. கடலில் ஒன்றுகூட இல்லை. வலைகள் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கின்றன. கிறிஸ்தவ மீனவர்களின் ஊர் அது, ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை; பூசை முடிந்து ஊரே வெளியே வந்துகொண்டிருந்தது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. நாங்கள்தான் முட்டி வரை மடித்துவிட்ட பேன்ட்டும் கையில் நெகிழிப் பையுமாக நிற்கிறோம்.

ஒரு அக்காவிடம் மீன் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். “மீனா? ஞாயித்துக்கெழமைலா இன்னைக்கு. யாரு கடலுக்குப் போவா?” என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். வீட்டுக்காரர் விடவில்லை. “என்னங்க இது, வெளியூர்ல இருந்து ஆளுங்க வர்றதே ஞாயித்துக்கிழமைதானுங்க, அன்னிக்கு லீவு விட்டா எப்படிங்க?” என்று கேட்டுவிட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அவர் பேச்சே அப்படி. அந்த அக்கா ஒரு நிமிடம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீங்க ஞாயித்துக்கெழமை வேலைக்குப் போவீகளா?” என்று கேட்டார். வீட்டுக்காரர் அசல் ஞாயிற்றுக்கிழமைப் பேர்வழி, அன்றைக்கு கேஸ் சிலிண்டர்கூட மாற்ற மாட்டார். அத்தை பக்கென்று சிரித்துவிட்டார், அது வீட்டுக்காரருக்கு இன்னும் ஆறவில்லை.

மற்றபடி அன்றைக்குச் செய்தது என்றால் குன்று ஏறினோம். மேலே இருக்கிற திருச்சிலுவைக் கோயில் 1581-இல் கட்டியது. புயலில் தப்பிய போர்த்துக்கீசியக் கப்பல்காரர் ஒருவர் உடைந்த பாய்மரத்தில் சிலுவை செய்து இங்கே நட்டார் என்பது ஊர் சொல்லும் கதை. கோயில் கட்டுவதற்கு முன்பே, 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் என்ற பாதிரியார் தங்கி ஜெபம் செய்ததாகச் சொல்லும் குகை கடலைப் பார்த்த மாதிரி இருக்கிறது, உள்ளே ஒரு சின்னக் கிணறு, தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை. அத்தை இரண்டு கை அள்ளிக் குடித்துவிட்டு, “நம்ம நாழிக்கிணறு மாதிரியே இருக்குது சாமி” என்று சொல்லி நெற்றியிலும் தெளித்துக்கொண்டார். திருச்செந்தூரிலும் கடலை ஒட்டி நல்ல தண்ணீர்க் கிணறு, இங்கேயும் அதேபோல. அத்தைக்கு அந்த ஒரு கிணற்றிலேயே பயணம் நிறைந்துவிட்டது.

கீழே இறங்கித் தெருவில் நடந்தால் ஒவ்வொரு வீடும் அரண்மனை போல, பாதி பூட்டிக் கிடந்தது. கொழும்பில் வியாபாரம் செய்தவர்கள் கட்டியது என்றார்கள். பனையோலைப் பெட்டி இந்த ஊரில் பெயர்போனது, பொண்ணுக்கு ஒன்று வாங்கலாம் என்று போனால் அதுவும் மூடியிருந்தது. பொண்ணு ஒரு படகில் ஏறி செல்ஃபி எடுக்கப் போனாள். நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அங்கிருந்தே, “பாப்பா, செருப்பக் கழத்திட்டு ஏறும்மா” என்றார். திட்டவில்லை, கையிலிருந்த சீட்டிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. அவள் ஏறவே இல்லை, இறங்கி வந்துவிட்டாள்.

அன்று மாலையே ஊர் திரும்பியிருக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு ரோஷம். திங்கட்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டார், பொண்ணுக்கும் பள்ளிக்கு மெசேஜ் போட்டாயிற்று. மறுநாள் ஏழு மணிக்கு மறுபடியும் அங்கே. இப்போது ஊரே வேறு. ஒவ்வொரு படகாக வந்து ஏறுகிறது, நேற்று பட்டுச் சேலையில் பார்த்த பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடையோடு நிற்கிறார்கள், மணலில் மீனைக் கூறு கூறாகக் கொட்டி ஏலம் போகிறது.

ஒரு கிலோ வாங்கத்தான் போனோம். அங்கே கிலோக் கணக்கே கிடையாது, கூறுக் கணக்குதான். ஏலம் கூறுகிறவர் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போகிறார், ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து முந்நூறு. யாரும் வாயைத் திறந்து கேட்ட மாதிரியே தெரியவில்லை, கண்ணாலும் விரலாலும்தான் பேச்சு. வீட்டுக்காரர் சுவாரசியமாகப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமாகிப் பதினாறு வருடமாக நான் என்ன சொன்னாலும் அதே ஆட்டல்தான். ஏலக்காரர் அதை ஏலம் கேட்பதாக எடுத்துக்கொண்டார். ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு ஒரு கூறு சாளை, எங்கள் ஊரில் மத்தி என்போமே, அது எங்கள் பேரில் விழுந்துவிட்டது. எத்தனை கிலோ என்று நான் எடை போடவில்லை. திருச்செந்தூர் லாட்ஜில் மீனோடு நுழைய விடமாட்டார்கள், கோவை எட்டு மணி நேரம்.

சுற்றி நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. கடைசியில் நேற்றைய அக்காதான் வந்தார். உருகிப்போய் விருந்து வைத்தார் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் நடந்தது அதுவல்ல. ஆயிரத்து நூறு ரூபாய்க்குக் கூறு முழுவதையும் எங்களிடமிருந்து வாங்கிக்கொண்டார். முந்நூறு நட்டம். ஒரு பதினைந்து மீனை மட்டும் எடுத்து எங்கள் பையில் போட்டு, போகிற வழியில் ஒரு ஓட்டலில் சொன்னால் பொரித்துத் தருவார்கள் என்று ஆளையும் சொல்லிவிட்டார். வியாபாரம் என்றால் அதுதான், எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது. முந்நூறு ரூபாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பெருமை வேறு பேசுகிறாயா என்று கேட்பவர்கள், ஒரு வாரக்கடைசிக்கு ரிசார்ட்டில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். அந்தப் பொரித்த மீனைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, எழுதினால் இப்போதே கிளம்பத் தோன்றும்.

அவரிடமே நெத்திலிக் கருவாடும் அரைக் கிலோ வாங்கினேன். இங்கே ஒன்று சொல்லியே ஆகவேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்தக் கருவாட்டை மூன்று பை போட்டுச் சுற்றி டப்பாவில் வைத்திருந்தேன். ஒரே ஒரு நாள், அதுவும் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டுத்தான் வறுத்தேன். அன்று சாயங்காலமே வீட்டு ஓனர் மேலே வந்து, “இந்த மாதிரி சமைப்பீங்கன்னு முன்னாடியே சொல்லலையே” என்றார். மாதம் பதினாறாயிரம் வாடகை, பத்து மாத அட்வான்ஸ் வாங்கும்போது என் அடுப்பில் என்ன வேகும் என்று அவரும் கேட்கவில்லையே. அவர் வீட்டுச் சாம்பிராணிப் புகை தினமும் எங்கள் ஹாலுக்குள் வருகிறது, நான் ஒரு நாள் மூக்கைப் பிடித்தேனா? ‘வெஜ் ஒன்லி’ என்று போர்டு மாட்டுகிறவர்களாவது நேர்மையானவர்கள், வாசலிலேயே திரும்பிவிடலாம். நாங்கள் அடுத்த மூன்றாவது மாதம் காலி செய்தோம். அட்வான்ஸில் பெயின்ட் செலவு என்று இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். அதை நினைத்தால் ஏலத்தில் போன முந்நூறெல்லாம் ஒன்றுமே இல்லை.

சரி, உங்கள் விஷயம். மே மாதம் என்றால் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அது விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகள் போகும், ஆனால் மீன் விலை எகிறியிருக்கும். வெயில் மண்டையைப் பிளக்கும். அதற்குப் பதிலாக நுங்கும் பதநீரும் கிடைக்கும், பக்கத்தில் உடன்குடியில் கருப்பட்டி வாங்கலாம். வெள்ளி காலையிலேயே கரையில் இருக்கிற மாதிரி போய்விடுங்கள், மீன் வேலையைச் சனிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 14 சிலுவைத் திருவிழாவையும், குலசேகரப்பட்டினம் தசராவையும் ஒட்டிப் போனால் நீங்கள் கேட்கிற அமைதி கிடைக்காது. குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள், அது வந்த பிறகு இந்தப் பக்கம் எப்படி மாறுமோ.

குளிக்க ஆசைப்பட்டால் ஊர் ஆட்களைக் கேட்காமல் இறங்காதீர்கள். குன்றுக்கு ஒரு பக்கம் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கிறது, மறுபக்கம் அலைச்சறுக்கு விளையாட வெளியூரிலிருந்து பையன்கள் தேடி வருகிற அளவுக்கு அலை. கூட வருகிற பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்பதைக் காலையிலேயே யோசித்துவிடுங்கள், நான் யோசிக்காமல் போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதாகிவிட்டது. ஊருக்குள்ளேயே தங்க நாங்கள் தேடியபோது இடம் கிடைக்கவில்லை, திருச்செந்தூரில்தான் தங்கினோம். எந்த லாட்ஜ் என்று கமென்டில் கேட்காதீர்கள், இரண்டாம் நாள் காலை அங்கே தண்ணீர் வரவில்லை.