கதை படித்துவிட்டு மரத்தை வெட்டாதே என்கிறான்!

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். ஒரு குருவிக் கதையைப் படித்ததிலிருந்து, வாசலில் நிற்கும் வேப்பமரத்தை வெட்டவே கூடாது என்று அடம்பிடிக்கிறான். அங்கேதான் கார் ஷெட் போட இருக்கிறோம். "கதைப் புத்தகம் பையனைக் கெடுக்குது" என்கிறார் கணவர். என்ன செய்வது?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: அன்புச் சகோதரி, ஷெட்டை நாலடி தள்ளிப் போட முடியுமா, கிளையை மட்டும் கழித்தால் போதுமா என்று முதலில் கொத்தனாரிடம் கேளுங்கள். கேட்கும்போது மகனும் பக்கத்தில் இருக்கட்டும்.

அவன் கெட்டுப்போகவில்லை. கதையில் பார்த்த குருவிக்காக உங்கள் வாசலில் வழக்காடுகிறான், அவ்வளவுதான். பெரியவர்களே இப்படிச் செய்திருக்கிறார்கள். 1988-ல் ஜப்பானில் 'டொடோரோ' என்ற காட்டு ஆவியைப் பற்றிய சிறுவர் படம் வந்தது. அந்தக் கதைக்குத் தூண்டுதலாக இருந்த இடங்களில் ஒன்று, டோக்கியோவை ஒட்டிய சயாமா குன்றுகள். அங்கே வீடுகள் பெருகிக் காடு சுருங்கியபோது, டொடோரோவின் பெயரில் மக்களிடம் நிதி திரட்டி 1991-ல் முதல் துண்டுக் காட்டை விலைக்கு வாங்கினார்கள். இன்று அப்படி வாங்கிய துண்டுகள் ஐம்பதைத் தாண்டிவிட்டன.

உங்கள் மகனிடம் "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அது பரீட்சைக் கேள்வி. "அப்புறம் அந்தக் குருவி எங்கே போச்சு?" என்று கேளுங்கள். மிச்சக் கதையை அவனே சொல்வான். அதை எழுதவோ வரையவோ ஒரு நோட்டு கொடுங்கள். அதே நோட்டில் வேப்பமரத்தையும் கவனித்து எழுதட்டும்: பங்குனி, சித்திரையில் பூ, ஆனி, ஆடியில் பழம், எந்தக் கிளையில் மைனா, எப்போது குயில். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் அவனும் சேரலாம். வாசலில் நின்று கால் மணி நேரம் எண்ணினாலே கணக்குதான்.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், காரணத்தையும் நாளையும் அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவன் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரம் பார்த்து வெட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதை அவன் எப்படி நம்புவான்? முடிந்தால் பழம் உதிரும் காலம் வரை பொறுங்கள். சதையை நீக்கி, நிழலில் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் விதைக்கச் சொல்லுங்கள். வேப்பங்கொட்டை நாளானால் முளைக்காது.

கணவருக்கு நீங்கள் எதையும் விளக்க வேண்டாம். அந்தக் குருவிக் கதையை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மகனே அப்பாவுக்கு வாசித்துக் காட்டட்டும்.